பூஜ்யத்துக்குக் கீழே போன அடர்த்தியை மறைக்காதீர்கள்: பிளாஸ்மா டிரான்ஸ்போர்ட் நிரலின் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பராமரிப்புக் குழுவினருக்கும், அதற்கு மேலிருந்து வழிநடத்தும் அறிவியல் குழுவினருக்கும்,

இணைவுக் கருவியின் பிளாஸ்மாவில் துகள்களும் வெப்பமும் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று கணக்கிடும் உங்கள் நிரலின் புதிய பதிப்பில் மூன்று மாற்றங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன. கணக்குக்காகப் பிளாஸ்மாவைப் பிரித்துவைக்கும் சிறு கட்டங்களில் ஏதாவது ஒன்றில் துகள் அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே போனால் முன்பெல்லாம் நிரலின் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். இப்போது நிற்பதில்லை, அந்த மதிப்பைச் சத்தமில்லாமல் ஒரு கீழ்வரம்புக்கு உயர்த்திவிட்டுக் கணக்கு மேலே நகர்கிறது. வெப்பநிலை மைனஸில் போனால், குறியை உதறிவிட்டு மட்டு மதிப்பை எடுத்து அதற்கு வர்க்கமூலம் போடுகிறது. இவை நடந்தன என்று சொல்லும் எச்சரிக்கை வரியோ, பயனர் தேடிப் போய் இயக்கினால்தான் வரும். பதிப்புக் குறிப்பில் இதற்கெல்லாம் ஒரே ஒரு காரணம்தான் கொடுத்திருக்கிறீர்கள்: நீண்ட ஓட்டங்கள் நடுவில் முறியக் கூடாது.

இதை எதிர்த்து எங்கள் குழு அனுப்பிய பிழை அறிக்கை, "திருத்தப்படாது" என்ற முத்திரையோடு மூடப்பட்டது. கூடவே இணைத்திருந்த சோதனைக் கோப்பை யாரும் ஓட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. "கிரிட்டை நுணுக்கிக்கொள்ளுங்கள்", அதாவது கட்டங்களை இன்னும் சிறிதாக்குங்கள், என்று மட்டும் பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க முடியாததால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்களுக்கு நடந்தது இதுதான். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் இணைவுக் கருவியின் அளவுள்ள ஒரு டோக்காமாக்குக்கு (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளையக் கருவி), சிறு ஆரம், அதாவது வளையக் குழாயின் ஆரம், 2 மீட்டர் என்று வைத்து, மையத்திலிருந்து விளிம்பு வரை 100 சமக் கட்டங்களில், சுவரிலிருந்து வரும் டங்ஸ்டன் மாசின் கடத்தலைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தின் அகலம் 2 சென்டிமீட்டர். உங்கள் கையேட்டில் உள்ள மாதிரி உள்ளீடும் 100 கட்டங்கள்தான். புதிதாக வருகிற எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஓட்டம் முறியாமல் முடிந்தது. ரெசிடுவல், அதாவது சமன்பாடுகளில் தீராமல் மிஞ்சும் வித்தியாசம், கேட்ட அளவுக்கு இறங்கியது. "ஒருங்கியது" (விடை நிலைபெற்றது) என்று நிரல் அச்சிட்டது. ஆனால் விளிம்பை ஒட்டி அடர்த்தியும் வெப்பநிலையும் சட்டென ஏறும் பெடஸ்டல் பகுதியில் எலெக்ட்ரான் வெப்பநிலையில் ஒரு சின்ன மேடு எழுந்திருந்தது.

என் மாணவி அந்த மேட்டுக்குக் காரணம் தேடினார். பிளாஸ்மா தானே உண்டாக்கிக்கொள்ளும் பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் மாறியிருக்குமா என்று பார்த்தார். துணை வெப்பமூட்டல் எங்கே படிகிறது என்று பார்த்தார். எல்லை நிபந்தனைகளை மாற்றி மாற்றி ஓட்டினார். எதிலும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் கதிர்வீச்சு இழப்பைக் கட்டம் கட்டமாக லாக் அளவுகோலில் வரைந்தபோது சில புள்ளிகள் மட்டும் படத்திலேயே இல்லை. லாக் அளவுகோல் மைனஸ் எண்களை வரையாது. எண்களை நேரடியாக அச்சிட்டுப் பார்த்தால் அந்தக் கட்டங்களில் கதிர்வீச்சு இழப்பு மைனஸில் இருந்தது. அதாவது அங்கே பிளாஸ்மா கதிர்வீச்சால் ஆற்றலை இழக்கவில்லை, ஆற்றலைப் பெற்றுக்கொண்டிருந்தது. டங்ஸ்டன் எலெக்ட்ரான்களைச் சூடேற்றிக்கொண்டிருந்தது.

காரணம் நிரலின் வரிசையில் இருக்கிறது. மாசு அடர்த்திக்கான சமன்பாடு தீர்க்கப்படுகிறது. உடனே கதிர்வீச்சுத் துணைநிரல் அழைக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் கீழ்வரம்பு போடப்படுகிறது. கதிர்வீச்சு இழப்பு என்பது எலெக்ட்ரான் அடர்த்தி, மாசு அடர்த்தி, வெப்பநிலையைப் பொறுத்த குளிர்வுக் காரணி ஆகிய மூன்றின் பெருக்கல். இடையில் உள்ள அடர்த்தி மைனஸ் என்றால் இழப்பும் மைனஸ்தான். வெளியீட்டுக் கோப்பில் எழுதப்படுவதோ கீழ்வரம்பு போட்ட பிறகான அடர்த்தி. ஆகவே அடர்த்திப் படத்தைப் பார்க்கிறவருக்கு எல்லாம் நேர்க்குறியில், ஒழுங்காகத் தெரியும். நோயின் தடயம் ஆற்றல் சமன்பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். முந்தைய பதிப்பாக இருந்திருந்தால் முதல் மைனஸிலேயே ஓட்டம் நின்றிருக்கும். என் மாணவியின் அத்தனை உழைப்பும் மிஞ்சியிருக்கும்.

அடர்த்தி ஏன் மைனஸுக்குப் போனது என்பதைக் கணினியே இல்லாமல், ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். கடத்தலைத் தடுக்கும் அந்தப் பெடஸ்டல் பகுதியில் விரவல் (தானாகப் பரவுதல்) குணகம் வினாடிக்கு 0.05 சதுர மீட்டர், துகள்கள் மையம் நோக்கி இழுக்கப்படும் உள்ளிழுப்பு வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கட்ட அகலத்தால் பெருக்கி விரவல் குணகத்தால் வகுத்தால் வருவது கட்டத்தின் பெக்லெட் எண்: 10 × 0.02 ÷ 0.05, அதாவது 4. நிலைத்த நிலையில், துகள்களைச் சேர்க்கும் மூலம் எதுவும் இல்லாவிட்டால் விரவலும் உள்ளிழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். அப்போது ஒரு கட்டத்திலிருந்து உள்ளே அடுத்த கட்டத்துக்குப் போகும்போது அடர்த்தி e⁴ மடங்கு, ஏறக்குறைய 55 மடங்கு ஏற வேண்டும். இது சமன்பாட்டின் சரியான விடை.

உங்கள் நிரல் சமன்பாட்டின் உள்ளிழுப்புப் பகுதிக்கு மைய வேறுபாட்டு முறையைப் (இரு பக்கக் கட்டங்களின் சராசரியை எடுப்பது) பயன்படுத்துகிறது. அந்த முறையில் அதே விகிதம் (1 + 4/2) ÷ (1 − 4/2). அதாவது 3-ஐ −1-ஆல் வகுக்க வேண்டும், விடை −3. ஒரு கட்டத்தில் அடர்த்தி 1 என்றால் அடுத்ததில் −3, அதற்கடுத்ததில் 9, பிறகு −27. பெக்லெட் எண் 2-ஐத் தாண்டியதும் இந்த முறை இப்படித்தான் குறி மாறி மாறி ஆடும். பாய்ம இயக்கவியல் பாடப்புத்தகங்களில் முதல் சில அத்தியாயங்களிலேயே வரும் சங்கதி. எங்கள் ஓட்டத்தில் கீழ்வரம்புக்கு முந்திய எண்களை எடுத்துப் பார்த்தபோது ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறி மாறி நின்றதும் இதனால்தான்.

"அப்படியானால் அப்விண்ட் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள், உள்ளீட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறதே" என்பது நீங்கள் வேறொரு பயனருக்குக் கொடுத்த பதில். பாய்வு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை மட்டும் எடுக்கும் முறை அது. மாறிப் பார்த்தோம். அதில் மைனஸ் வராது, உண்மை. ஆனால் அதே கட்டத்தில் விகிதம் 1 + 4, அதாவது 5. சரியான விடை 55. டங்ஸ்டன் சேர்வதை ஒரே ஒரு கட்டத்துக்குள் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டுகிறது அந்தச் சுவிட்ச். அப்விண்ட் முறை தன் பங்குக்கு ஒரு போலி விரவலைச் சேர்ப்பதுதான் இதற்குக் காரணம்: வேகத்தில் பாதியைக் கட்ட அகலத்தால் பெருக்கினால் வினாடிக்கு 0.1 சதுர மீட்டர். நாம் கொடுத்த உண்மையான குணகமே 0.05தான். இயற்பியலைவிட இரு மடங்கு பெரிய ஒரு விரவலை எண்முறை தானாகவே சேர்த்துவிடுகிறது. டங்ஸ்டன் ஐட்டரின் விளிம்பில் உள்ளே இழுக்கப்படுவதற்குப் பதிலாக வெளியே தள்ளப்படும் என்ற கணிப்பும் இருக்கிறது. இருக்கட்டும். திசை மாறினால் மிகையும் குறையும் இடம் மாறிக்கொள்ளும். பிழை அதே அளவில்தான் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு 1969-லேயே வந்துவிட்டது. ஷார்ஃபெட்டர், கும்மல் என்ற இருவர் குறைக்கடத்தி டயோடுக்காக எழுதிய முறை அது. கட்டத்துக்குக் கட்டம் உள்ள பாய்வை நேர்கோடாக எடுக்காமல் அடுக்குக்குறி வடிவில் எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன கணக்கை அதில் போட்டால் 55 அப்படியே வருகிறது. எவ்வளவு பருமனான கிரிட் என்றாலும் அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. குறைவெப்பப் பிளாஸ்மாவில் வேலை செய்கிறவர்கள் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். ஃபோக்கர்–பிளாங்க் சமன்பாட்டுக்குச் சாங்கும் கூப்பரும் 1970-இல் கொடுத்த முறையும் இதே குடும்பம்தான். உங்கள் நிரலில் இதைச் சேர்ப்பதற்குப் பாய்வைக் கணக்கிடும் ஒரே ஒரு துணைநிரலில் சில வரிகளை மாற்றினால் போதும். நாங்கள் மாற்றி ஓட்டினோம். மேடு மறைந்தது.

கிரிட்டை நுணுக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எடுத்துக்காட்டில் கட்ட அகலத்தை 1 சென்டிமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் மைனஸ் வராதுதான். ஆனால் தடுப்புப் பகுதியில் விரவல் குணகம் ஓட்டத்தின் போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். இன்று 0.05, சற்று நேரத்தில் 0.01. எந்தக் கணத்தில் எந்தக் கட்டத்தில் பெக்லெட் எண் 2-ஐத் தாண்டுகிறது என்று பயனருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லக்கூடிய எச்சரிக்கையைத்தான் அணைத்துவிட்டீர்களே. மேலும் பிளாஸ்மாவின் சுழிப்பால் நடக்கும் கடத்தலைக் கணக்கிடும் துணைநிரல் ஒவ்வொரு கட்ட எல்லையிலும் அழைக்கப்படுகிறது. கிரிட்டை இரட்டித்தால் செலவும் இரட்டிக்கிறது. அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் எல்லோரும் 100-லேயே நிற்கிறார்கள்.

இனி கீழ்வரம்பு. அது வெறும் பாதுகாப்பு ஏற்பாடு, இயற்பியலைத் தொடாது என்று உங்கள் பதிலில் எழுதியிருந்தீர்கள். என் கருத்து முற்றிலும் வேறு. கீழ்வரம்பின் மதிப்பு எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்துப் பயனில்லை. எங்கிருந்து அங்கே உயர்த்தப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐட்டர் போன்ற கருவியில் எலெக்ட்ரான் அடர்த்தி கன மீட்டருக்கு 10²⁰ என்ற அளவில் இருக்கும். டங்ஸ்டன் அதில் லட்சத்தில் ஒரு சில பங்குக்கு மேல் போனால் மையம் குளிர்ந்துவிடும். எனவே அனுமதிக்கக்கூடிய டங்ஸ்டன் அடர்த்தி ஏறத்தாழ 10¹⁵ என்று வைப்போம். விளிம்பருகே ஒரு கட்டம் −3 × 10¹⁵-க்குப் போகிறது. நிரல் அதைப் பூஜ்யத்தை ஒட்டிய கீழ்வரம்புக்கு உயர்த்துகிறது. கன மீட்டருக்கு 3 × 10¹⁵ டங்ஸ்டன் அணுக்கள் எங்கிருந்தோ முளைத்துவிட்டன. ஐட்டர் பிளாஸ்மாவின் மேற்பரப்பு சுமார் 680 சதுர மீட்டர். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஓடு என்றால் ஏறக்குறைய 14 கன மீட்டர். காலப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னே நகரும் நேரம், 1 மில்லிவினாடி என்று கொண்டு, ஒவ்வொரு படியிலும் அதே கட்டம் மறுபடி மைனஸுக்கு இழுக்கப்பட்டால், ஒரு வினாடியில் 4 × 10¹⁹ அணுக்கள். சுமார் 830 கன மீட்டர் பிளாஸ்மா முழுவதிலும் இருக்கலாம் என்று நாம் அனுமதித்த டங்ஸ்டனே 8 × 10¹⁷தான். மொத்த அனுமதியைப் போல ஐம்பது மடங்கை ஒரு வினாடியில் இல்லாத இடத்திலிருந்து உண்டாக்கக்கூடிய ஒரு வரியை இயற்பியலைத் தொடாத வரி என்று எப்படி ஏற்பது?

அந்த அணுக்கள் உங்கள் துகள் சமநிலை அறிக்கையில் எந்த வரியிலும் வருவதில்லை. மூலங்கள் இருக்கின்றன, எல்லைப் பாய்வு இருக்கிறது, அயனியாக்கம் இருக்கிறது. கீழ்வரம்பால் நுழைந்தவைக்கு மட்டும் பத்தியே கிடையாது. அறிக்கையின் கடைசியில் "மீதம்" என்று ஒரு எண் வருகிறது. அதில் எல்லாம் கலந்து கிடக்கிறது. அந்த மீதம் பெரிதாக இருந்தாலும் ஓட்டம் வெற்றி என்றே முடிகிறது. ரெசிடுவல் சிறியது என்பது, நாம் துண்டாக்கி எழுதிய இயற்கணிதச் சமன்பாடுகள் நன்றாகத் தீர்க்கப்பட்டன என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அந்தச் சமன்பாடுகள் மூலச் சமன்பாட்டைப் பிரதிபலிக்கின்றனவா என்பது வேறு கேள்வி. மேலே கண்ட 1, −3, 9, −27 வரிசையும் இயற்கணிதப்படி மிகத் துல்லியமான தீர்வுதான்.

எலெக்ட்ரான்–அயனி வெப்பப் பரிமாற்றத்தைப் பற்றிய எங்கள் பழைய அறிக்கையும் அதே பட்டியலில் தூங்குகிறது. எலெக்ட்ரான் சமன்பாட்டில் அந்த உறுப்பைப் புதிய காலப்படியின் மதிப்புகளோடும், அயனிச் சமன்பாட்டில் பழைய காலப்படியின் மதிப்புகளோடும் போட்டிருக்கிறீர்கள். எலெக்ட்ரான்கள் கொடுத்ததும் அயனிகள் வாங்கியதும் ஒத்துப்போகவில்லை. நடுவில் ஆற்றல் தொலைகிறது, சில சமயம் பிறக்கிறது. "ஒரு சதவீதத்துக்குள்தான்" என்று பதில் வந்தது. எரியும் பிளாஸ்மாவில் 3.5 மெகா எலெக்ட்ரான்வோல்ட் ஆல்ஃபா துகள்கள் பெரும்பாலும் எலெக்ட்ரான்களைத்தான் சூடேற்றுகின்றன. அயனிகளுக்கு அந்த வெப்பம் போய்ச் சேர்வது இந்தப் பரிமாற்றத்தின் வழியாக. 10 முதல் 20 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரையில் இணைவு வீதம் அயனி வெப்பநிலையின் ஏறக்குறைய வர்க்கமாக ஏறும். பிறகு அந்த இணைவே வெப்பமூட்டலாகத் திரும்பி வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி வளரும் ஓர் அமைப்பில் ஒரு சதவீதம் ஒரு சதவீதமாகவே நின்றுவிடும் என்பதற்கு என்ன உறுதி? இரண்டு சமன்பாட்டிலும் ஒரே மதிப்பைப் போட்டால் முடிந்துவிடும் வேலை இது.

விளிம்புப் பகுதிக்கான தொகுதியைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய கவலை. புதிய பதிப்பில், காந்தப்புலக் கோடுகளோடு ஒட்டாத கிரிட்டையும் சுவர் வரை நீட்டிக்க அனுமதித்திருக்கிறீர்கள். தேவையான வசதி, மறுக்கவில்லை. ஆனால் பழைய வேறுபாட்டு முறையையே அதிலும் வைத்திருக்கிறீர்கள். 100 எலெக்ட்ரான்வோல்ட் வெப்பநிலை, 10¹⁹ அடர்த்தி உள்ள இடத்தில் புலக் கோட்டின் வழியே எலெக்ட்ரான் வெப்பம் பரவும் குணகம் வினாடிக்கு 10⁸ சதுர மீட்டர் என்ற வரிசையில் இருக்கும். கோட்டுக்குக் குறுக்கே அது 1 என்ற அளவுதான். விகிதம் பத்துக் கோடி. கிரிட் சாய்ந்திருக்கும்போது முதலாவது திசையின் பாய்வில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இரண்டாவது திசையில் கசிந்தால் போதும், உண்மையான குறுக்குக் கடத்தலுக்குச் சமமான ஒரு போலிக் கடத்தல் உருவாகிவிடும். இரண்டாம் வரிசைத் துல்லியம் உள்ள முறையில், கட்ட அகலம் வெப்பநிலை மாறும் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு என்றால், பிழை பத்தாயிரத்தில் ஒன்று. பத்துக் கோடியின் முன்னால் அது எங்கே நிற்கும்?

கசிவு மட்டும் இல்லை. இப்படிப்பட்ட கிரிட்டில் சாதாரண மைய வேறுபாட்டு முறைகள் வெப்பத்தைக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கே தள்ளிவிடும், வெப்பநிலை மைனஸுக்குப் போகும் என்று பிரதீக் சர்மாவும் கிரெக் ஹாமெட்டும் 2007-இல் காட்டியிருக்கிறார்கள். பாய்வுகளுக்கு வரம்புக் காரணி போட்டு அதைத் தடுக்கும் வழியையும் அதே கட்டுரையில் கொடுத்திருக்கிறார்கள். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மீறுகிற ஒரு கட்டத்தில் இப்போது உங்கள் நிரல் என்ன செய்கிறது? −50 எலெக்ட்ரான்வோல்ட்டை 50 என்று எடுத்துக்கொண்டு மோதல் அதிர்வெண்ணையும் ஒலி வேகத்தையும் கணக்கிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

இதன் விளைவு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல டோக்காமாக்குகளின் அளவீடுகளிலிருந்து 2013-இல் வந்த அளவீட்டு விதி, ஐட்டரில் டைவர்ட்டருக்கு (பிளாஸ்மாவிலிருந்து வெளியேறும் வெப்பத்தை வாங்கும் பகுதி) போகும் வெப்பப் பட்டையின் அகலம் 1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும் என்று சொன்னது. டைவர்ட்டர் தகடு நிலையாகத் தாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் அளவு. எண்முறையின் கசிவு அந்தப் பட்டையை இரண்டு மடங்கு அகலமாக்கினால் உச்ச வெப்பம் பாதியாகத் தெரியும். 20 மெகாவாட் விழும் இடத்தில் 10 என்று காட்டும் ஒரு படம், பார்க்க அழகாக, வழவழப்பாக, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெளியே வரும். குறி மாறி ஆடும் பிழையையாவது கண் பிடித்துவிடும். கசிவுப் பிழை அப்படிச் சிக்காது, அது எல்லோருக்கும் பிடித்த திசையிலேயே தவறுகிறது.

சரிவு சற்றுக் கூடினாலே கடத்தல் செங்குத்தாக ஏறும் சுழிப்பு மாதிரிகளுக்காகப் பெரெவெர்செவ்–கோரிகன் உத்தியை இயல்பாகவே இயக்கி வைத்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். பெரிய விரவல் ஒன்றைச் சேர்த்து, அதை ஈடுகட்டும் உள்ளிழுப்பையும் சேர்க்கும் அந்த உத்தி, நிலைத்த நிலைக்குப் போகும் ஓட்டங்களுக்கு நல்லதுதான். காலப்படி பெரிதாக இருந்து, அடர்த்தியோ வெப்பநிலையோ வேகமாக மாறும்போது ஈடு சரியாக அமைவதில்லை. மாற்றங்கள் மந்தமாகத் தெரிகின்றன. கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

"நேரியல் முறைகளில் இதெல்லாம் தவிர்க்க முடியாதது" என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். கோடுனோவின் 1959-ஆம் ஆண்டுத் தேற்றத்தைத்தான் அவர் மனதில் வைத்திருப்பார்: முதல் வரிசைக்கு மேல் துல்லியமுள்ள நேரியல் முறை எதுவும் ஏற்ற இறக்கத்தின் ஒழுங்கைக் காக்காது, அதாவது இல்லாத மேடு பள்ளங்களை உண்டாக்கிவிடும். சரிதான். அந்தத் தேற்றத்திலுள்ள "நேரியல்" என்ற நிபந்தனையைத் தாண்டும் முறைகளை 1973-இல் போரிஸும் புக்கும் கொண்டுவந்த பாய்வுத் திருத்த முறை தொடங்கி எத்தனையோ பேர் கொடுத்துவிட்டார்கள். அவர்களே பிளாஸ்மாத் துறையில் இருந்தவர்கள்தான்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. பராமரிப்பவர்கள் சிலர், நிரலோ பழைய ஃபோர்ட்ரானும் புதிய அடுக்குகளும் கலந்தது, ஒரு வரியை மாற்றினால் எங்கோ ஒரு பழைய முடிவு மாறிவிடுகிறது, உடனே யாரோ ஒருவர் புகார் செய்கிறார். ஓட்டம் முறிந்தால் வரும் கோபமான கடிதங்களும் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் இந்த மாற்றம் என்று புரிகிறது. ஆனால் சுமை குறையவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்த உங்களிடமிருந்து, அறிய வழியே இல்லாத ஒரு முதலாண்டு மாணவரின் தலைக்கு அது மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டிரான்ஸ்போர்ட் ஓட்டங்களின் வெளியீடுகளைக் கொண்டு நரம்பு வலைப்பின்னல்களைப் பயிற்றுவித்து, வேகமான மாற்று மாதிரிகள் செய்வது இப்போது பரவலாகிவிட்டது. ஓட்டம் முறிந்தாலோ வெளியீட்டில் எண் அல்லாத மதிப்பு வந்தாலோ அந்தத் தரவை வடிகட்டி ஒதுக்கிவிடலாம். கீழ்வரம்பு போட்டு ஒழுங்காக்கிய பொய் மதிப்பை வடிகட்ட வழி கிடையாது. அது பயிற்சித் தரவில் நுழையும், மாதிரி அதை இயற்பியல் என்றே கற்றுக்கொள்ளும். பிறகு அந்த மாதிரியின் விடையை வைத்து வேறொருவர் கருவி வடிவமைப்பார். ஐட்டர் தன் முதற்சுவரைப் பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றிய புதிய திட்டத்தை 2024-இல் முன்வைத்துவிட்டது. டங்ஸ்டன் எங்கே சேரும், எவ்வளவு சேரும் என்ற கேள்விக்கு இதைவிட முக்கியமான காலம் இருந்ததில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அந்தக் கேள்வியையே பிழையாகச் சொல்லும் நிரலை, பிழை தெரியாதபடி மாற்றியிருக்கிறீர்கள்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

முதலில், அடுத்த திருத்தப் பதிப்பிலேயே பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அடர்த்தியோ வெப்பநிலையோ பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஓட்டம் நிற்க வேண்டும்; எந்தக் கட்டம், எந்தக் காலப்படி, எந்த மதிப்பு என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். கீழ்வரம்பு வேண்டும் என்பவர்கள் தங்கள் உள்ளீட்டுக் கோப்பில் தாங்களே எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும். அப்படிக் கேட்டவர்களுக்கும் கீழ்வரம்பால் சேர்ந்த துகள்களும் ஆற்றலும் சமநிலை அறிக்கையில் தனி வரியாக, வினாடிக்கு இவ்வளவு என்று வர வேண்டும். அந்த அளவு மொத்த மூலத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால் "ஒருங்கியது" என்ற சொல் அச்சாகக் கூடாது. வெப்பநிலைக்கு மட்டு மதிப்பு எடுக்கும் வரிகளை எந்த விருப்பத் தேர்வும் இல்லாமல் நீக்குங்கள். அதற்கு நியாயமான பயன் ஒன்றுமே இல்லை.

உள்ளிழுப்புப் பகுதிக்கு ஷார்ஃபெட்டர்–கும்மல் பாய்வை இயல்புநிலை முறையாக ஆக்குங்கள். நாங்கள் எழுதிய மாற்றத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பெயர்கூட வேண்டியதில்லை. விளிம்புத் தொகுதியில் புலத்தோடு ஒட்டாத கிரிட்டுக்கு வரம்புக் காரணியோடு கூடிய முறை வரும் வரை, அந்த வசதியைச் "சோதனை நிலையில்" என்று குறித்து வையுங்கள். பரிமாற்ற உறுப்பை இரண்டு சமன்பாட்டிலும் ஒரே காலப்படியில் போடுங்கள். இது ஒரு மணி நேர வேலை என்று நிரலைப் படித்துப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

ஒவ்வொரு பதிப்போடும் சரிபார்ப்புச் சோதனைகளின் முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். விடையை முன்பே தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதற்கேற்ற மூலத்தைச் சமன்பாட்டில் சேர்த்து, கிரிட்டை நுணுக்க நுணுக்கப் பிழை எதிர்பார்த்த வரிசையில் குறைகிறதா என்று பார்க்கும் முறை பல காலமாக இருக்கிறது. பிளாஸ்மா விளிம்புச் சுழிப்பு நிரல்களான ஜிபிஎஸ்ஸுக்கு (GBS) 2014-இலும் பவுட்++க்கு (BOUT++) 2016-இலும் அதைச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய நிரல்கள் உங்களுடையதைவிட எளிமையானவை என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனைத் தொகுப்பில் பெக்லெட் எண் 4 உள்ள எங்கள் கோப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அதன் விடை தாளிலேயே தெரியும்.

கையேட்டின் மாதிரி உள்ளீட்டை மாற்றுங்கள். 100 கட்டங்களோடு அது இன்னும் ஒரு வருடம் இருந்தால் இன்னும் ஒரு வருடத்து மாணவர்கள் அதிலிருந்து தொடங்குவார்கள்.

புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து இன்றுவரை மாசுக் கடத்தலையும் விளிம்பு வெப்பத்தையும் கணக்கிட்ட எல்லாப் பயனர்களுக்கும், எந்தெந்தச் சூழலில் முடிவுகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். தங்கள் ஓட்டத்தை மறுபடி சரிபார்க்க ஒரு சிறு நிரலையும் கூடவே கொடுங்கள்: கீழ்வரம்புக்கு முந்திய அடர்த்தியையும் கட்டம் வாரியாகக் கதிர்வீச்சின் குறியையும் அச்சிட்டால் போதும். ஏற்கெனவே கட்டுரை அனுப்பியவர்களுக்கு அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது, தாமதித்தால் இருக்காது.

மூடப்பட்ட இரண்டு பிழை அறிக்கைகளையும் மறுபடி திறந்து, இணைத்த கோப்புகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, கண்டதை எழுத்தில் பதில் தாருங்கள். எங்கள் கணக்கில் தவறு இருந்தால் எந்த வரியில் என்று காட்டுங்கள். அடுத்த பதிப்பின் அம்சங்களை நீங்கள் உறுதி செய்யும் கூட்டத்துக்கு முன்பே அந்தப் பதில் எங்களுக்கு வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் சொல்லுங்கள். சோதனைகளை எழுதவும் ஓட்டவும் எங்கள் குழுவிலிருந்து இருவர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிரலைக் கொண்டே ஆய்வு நடத்திவரும் ஒரு பயனர்